மிலானில் அம்புரோசியார் திருநாள்: நாட்குறிப்பு

டிசம்பர் 4

டிசம்பர் 7 மிலான் நகரின் பாதுகாவலரான புனித அம்புரோசியாரின் திருநாள். அன்று நகரத்துக்கே விடுமுறை. மறுநாள் மாதாவின் அமல உற்பவத் திருநாள், அது நாடு முழுவதற்கும் விடுமுறை. அதனால் இந்த வாரம் ஊரில் கூட்டம் அதிகம், விடுதி வாடகையும் அதிகம். ஆனாலும் அம்புரோசியாரைப் பார்க்க வருவதென்றால் இந்த வாரத்தில்தான் வர வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

புனிதர்களுக்குப் பொதுவாக இறந்த நாளில்தான் திருநாள் எடுப்பார்கள். அம்புரோசியார் இறந்தது 397 ஏப்ரல் 4, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை. ஏப்ரல் தொடக்கம் பெரும்பாலும் தவக்காலத்திலோ பாஸ்கா (ஈஸ்டர்) வாரத்திலோ விழுந்துவிடும். ஆகவே அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட 374 டிசம்பர் 7-ஐக் கொண்டாடுகிறார்கள். அந்த நாள் வந்த விதமே தனிக் கதை.

அப்போது அம்புரோசியார் சாமியார் இல்லை. எமிலியா, லிகூரியா பகுதிகளின் ஆளுநர். வயது சுமார் 35. அப்பா கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டின் உயர் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். மகனும் சட்டம் படித்து அதே வழியில் வந்தார். மிலானின் ஆயர் ஔக்சென்சியுஸ் இறந்ததும் அடுத்த ஆயர் யார் என்று நகரம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்குச் சமமானவர் அல்லர், படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் போதனையை ஏற்றவர்கள் ஒரு பக்கம். இருவரும் சமம் என்று 325-இல் நீசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அறிவித்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டவர்கள் மறுபக்கம். இறந்த ஆயர் முதல் கட்சி. கைகலப்பு வந்துவிடக்கூடாது என்று ஆளுநர் தாமே ஆலயத்துக்கு வந்து மக்களிடம் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழந்தையின் குரல்: “அம்புரோசியார் ஆயர்!” இரண்டு கட்சியும் சேர்ந்து அதையே முழங்கத் தொடங்கிவிட்டதாம்.

இதை எழுதி வைத்தவர் அவருடைய உதவியாளராக இருந்த பவுலீனுஸ். பெரிய கிறிஸ்தவச் சிந்தனையாளரான புனித அகுஸ்தினார் (அகஸ்டின்) கேட்டுக்கொண்டதால் அம்புரோசியாரின் வாழ்க்கையை எழுதியவர். தப்பிக்க அம்புரோசியார் என்னென்ன செய்தார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நீதிமன்றத்தில் வேண்டுமென்றே சித்திரவதைக்கு உத்தரவிட்டார். ஊரறிய விலைமாதரை வீட்டுக்கு வரவழைத்தார். மக்கள் அசையவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடினார். விடிந்தபோது பார்த்தால், சுற்றிச் சுற்றி மிலானின் ரோமை வாசலுக்கே வந்து நின்றிருந்தார். அப்புறம்தான் ஒத்துக்கொண்டார். அதுவரை திருமுழுக்குகூடப் பெறாதவர். திருமுழுக்கிலிருந்து ஆயர் பட்டம் வரை எல்லாமே சில நாட்களுக்குள் முடிந்தன.

இன்று மதியம் துவோமோவுக்கு அடியில் இறங்கினேன். பளிங்குக் கோபுரங்கள் அடர்ந்த இந்தப் பேராலயத்துக்கு அடிக்கல் வைத்தது 1386-இல். நான் தேடி வந்தது அதைவிட ஆயிரம் ஆண்டு பழையது. முகப்புக்கு அருகே உள்ள படிகளில் இறங்கினால் சான் ஜோவான்னி திருமுழுக்கு மண்டபத்தின் அடித்தளம். 1960-களில் இங்கே மெட்ரோ சுரங்கம் தோண்டிய காலத்தில் அகழ்ந்து எடுத்தது. நடுவில் எண்கோண வடிவத் தொட்டி. விளிம்பில் செங்கல் தெரிகிறது, சுற்றிலும் பளிங்குத் தரையின் துண்டுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாரத்தின் ஏழு நாளுக்கு அடுத்த எட்டாம் நாள்தான் உயிர்ப்பின் நாள். எட்டுப் பக்கம் அதற்காக.

387 பாஸ்கா இரவில் அகுஸ்தினார் இந்தத் தொட்டியில்தான் இறங்கினார். அவருடைய மகன் அதேயோதாத்துஸும் நண்பர் அலிப்பியுஸும் உடன் இறங்கினார்கள். திருமுழுக்கு அளித்தவர் அம்புரோசியார். வெளியே வந்தவர்களின் பாதங்களை ஆயர் கழுவுவது மிலானின் வழக்கம். ரோமையில் அப்படிக் கிடையாது. அதை யாரோ குறை சொன்னபோது, எல்லாவற்றிலும் ரோமைத் திருச்சபையைப் பின்பற்றவே விரும்புகிறேன், ஆனால் நாங்களும் அறிவுள்ள மனிதர்கள்தானே என்று பதில் சொன்னார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். தொட்டிக்கு அருகே நின்று அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 5

காலையில் பனிமூட்டம். ரோமை வாசல் சாலை வழியே நடந்தேன். பழைய நகரத்திலிருந்து ரோமைக்குப் புறப்படும் ராஜபாட்டை இது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் தூண் வரிசை இருந்தது. சாலை ஓரத்திலேயே அம்புரோசியார் 382-இல் ஒரு ஆலயம் எழுப்பத் தொடங்கினார், திருத்தூதர்களின் பெயரில். சிலுவை வடிவத் தரைத்திட்டம். இப்போது சான் நசாரோ என்று பெயர். பிற்காலத்தில் முகப்பையே மறைத்து ஒரு படைத்தளபதியின் கல்லறை மண்டபத்தைக் கட்டிவிட்டார்கள், அதற்குள் நுழைந்துதான் ஆலயத்துக்குப் போக வேண்டும். உள்ளே பழைய சுவரின் கல்லும் செங்கல்லும் பூச்சில்லாமல் தெரியும் இடம் உண்டு. கையை வைத்துப் பார்த்தேன், ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. நகருக்குள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் முதலில் ஒரு ஆலயம் கண்ணில் படும்படி கட்டியிருக்கிறார்கள். அப்போது பேரரசர் தங்கியதும் மிலானில்தான். அரண்மனை பேரரசருக்கு, சாலைகள் ஆயருக்கு. நிர்வாகம் செய்து பழகியவரின் யோசனை இது. இந்தப் பயணத்தில் எங்கே போனாலும் அவரிடம் எனக்கு முதலில் தெரிவது அந்தப் பழைய அதிகாரிதான். சட்டம் தெரிந்தவர், கோப்பு எழுதத் தெரிந்தவர், கூட்டத்தைக் கையாளத் தெரிந்தவர். அதையெல்லாம் ஒரு பெரிய நம்பிக்கைக்காகச் செலவழித்தார். அதிகாரத்தின் உள்ளே இருந்து வந்ததால்தான் அதிகாரத்தைப் பார்த்து அவர் பயப்படவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் துணிவு ஊருக்கே தெரிந்தது 386-இல். சிறுவனான பேரரசர் இரண்டாம் வாலெண்டினியன் சார்பில் தாய் ஜஸ்டினா ஆட்சி நடத்தினார். அவர் ஆரியுஸ் பக்கம். தம் கட்சியினரின் வழிபாட்டுக்கு ஒரு ஆலயத்தை ஒப்படைக்கச் சொன்னார். அம்புரோசியார் மறுத்தார். என் சொத்து வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள், என் உடல் வேண்டுமா, நானே வருகிறேன், கடவுளுடையதைத் தர எனக்கு உரிமை இல்லை என்றார். நகரத்து வணிகர்கள் ஆயர் பக்கம் நின்றதால் அவர்களுக்கு 200 பவுண்டு தங்கம் தண்டம் விதித்தார்கள், பலரைச் சிறையில் போட்டார்கள். வீரர்கள் ஆலயத்தைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே மக்கள் இரவும் பகலும் இருந்தார்கள், அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாளும் அவர்களில் ஒருவர். அரசுடைமை என்பதற்கு அடையாளமாகத் தொங்கவிட்ட திரைகளை விளையாட்டுப் பிள்ளைகள் கிழித்துப் போட்டன. வீரர்களில் சிலர் ஆயுதத்தோடு உள்ளே வந்தபோது பெண்கள் அலறினார்கள். வந்தவர்களோ, நாங்கள் செபிக்க வந்தோம், சண்டைக்கு அல்ல என்றார்கள். கடைசியில் அரண்மனை பின்வாங்கியது. “பேரரசர் திருச்சபைக்குள் இருப்பவர், திருச்சபைக்கு மேல் இருப்பவர் அல்லர்” என்று அவர் சொன்னது அந்த நாட்களின் மறையுரை ஒன்றில்தான்.

அடைபட்டுக் கிடந்த மக்கள் சோர்ந்துவிடக்கூடாது என்று கிழக்குத் திருச்சபைகளின் வழக்கப்படி பாட வைத்தார். அங்கிருந்துதான் மேற்கில் மக்கள் கூடிப் பாடும் வழக்கம் பரவியது என்கிறார் அகுஸ்தினார். பாடல்களை அம்புரோசியாரே எழுதினார். அடிக்கு எட்டு அசை, சரணத்துக்கு நான்கு அடி, ஒரு பாட்டுக்கு எட்டுச் சரணம். படிக்காதவர்கூட ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்ளும் அளவு. சின்ன வயதில் பங்குப் பாடகர் குழுவில் வரிசையின் கடைசியில் நின்று பாடிய எனக்கு, அம்புரோசியார் செய்த எல்லாவற்றிலும் பெரியது இதுதான். படை வந்து நிற்கும்போது பாட்டெழுதிக் கொடுத்தவர் அவர்.

மறு ஆண்டு ஒஸ்தியாவில் தாயை அடக்கம் செய்துவிட்டு அழவும் முடியாமல் தவித்த அகுஸ்தினாருக்கு, தூங்கி எழுந்தபோது நினைவுக்கு வந்தவை அம்புரோசியாரின் மாலைப் பாடல் வரிகள்: அனைத்தையும் படைத்த இறைவா, பகலுக்கு ஒளியையும் இரவுக்கு உறக்கத்தின் அருளையும் உடுத்துகிறவரே. அதை அவர் சொல்லும் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மாலையில் சான் லொரென்சோ பக்கம் போனேன். ஆலயத்தின் முன்னால் 16 ரோமானியத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஆலயத்தின் அடித்தளத்துக்காக, அருகில் இருந்த விளையாட்டரங்கை உடைத்துக் கல் எடுத்திருக்கிறார்கள். இருட்டிவிட்டது, குளிர் வேறு. அதிகம் நிற்கவில்லை.

டிசம்பர் 6

இன்றுதான் சாந்த் அம்புரோஜியோ பசிலிக்கா. பச்சை வழி மெட்ரோவில் அதே பெயரில் நிறுத்தம். படியேறி வெளியே வந்தால் செங்கல் நிறத்தில் இரண்டு மணிக்கூண்டுகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. குட்டையானது துறவிகளுடையது, அதுவே பழையது. அம்புரோசியார் 386-இல் அர்ச்சித்த ஆலயம் இருந்த இடம் இது. இப்போது நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. 1943 குண்டுவீச்சில் பலத்த சேதமடைந்து, திரும்பக் கட்டினார்கள்.

நேரே வலப்பக்கக் கோடிக்குப் போனேன், சான் வித்தோரே சிற்றாலயத்துக்கு. பொன் மொசைக் கவிகை ஒன்று அங்கே உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது சுவர். அம்புரோசியாரின் மொசைக் உருவம், 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் இறந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகாத காலம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கிடையாது. குட்டை முடி, சிறு தாடி, சற்றே பெரிய காதுகள். வெள்ளை அங்கி, மேலே பழுப்புப் போர்வை. முகம் ஒல்லி. இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இல்லை. அவருடைய மண்டையோட்டை ஆராய்ந்தவர்களும் முகத்தில் அந்தச் சமமின்மை இருந்ததாகவே சொல்கிறார்கள். பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் செய்த முகம் என்று நம்பத் தோன்றுகிறது. அலுவலகத்தில் நமக்கு எதிரே உட்கார்ந்து நாம் சொல்வதை முழுவதும் கேட்கும் மேலதிகாரியின் முகம்.

அகுஸ்தினார் பார்த்ததும் இந்த முகத்தைத்தான். ஆயரின் அறைக்கு யாரும் அனுமதி இல்லாமல் போகலாம். போனால் அவர் படித்துக்கொண்டிருப்பார். கண்கள் பக்கத்தில் ஓடும், குரலும் நாவும் அசையாது. நேரமில்லாத மனிதர், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அகுஸ்தினார் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிடுவார்.

பலிபீடத்தைச் சுற்றி 9-ஆம் நூற்றாண்டுத் தங்கத் தகடுகள். வோல்வினியோ என்ற பொற்கொல்லர் செய்தது. முன்பக்கம் கிறிஸ்துவின் வாழ்க்கை, பொன்னில். பின்பக்கம் அம்புரோசியாரின் வாழ்க்கை, வெள்ளியில் பொன்முலாம் பூசி. தொட்டில் குழந்தையின் வாயருகே தேனீக்கள், குதிரையில் ஓடும் ஆளுநர், திருமுழுக்கு என்று கட்டம் கட்டமாக வருகிறது. ஒரு கட்டத்தில் திருப்பலியின் நடுவே கண்ணயர்கிறார், அந்த நேரத்தில் பிரான்சின் தூர் (Tours) நகரில் புனித மார்ட்டினின் அடக்கத்தில் நிற்கிறார். அழகான மரபுக் கதை. ஆனால் மார்ட்டின் இறந்தது 397 நவம்பரில், அம்புரோசியார் மறைந்து ஏழு மாதம் கழித்து.

இந்தத் தங்கத்தின் முன் நிற்கும்போது மனம் வேறு எங்கோ போனது. 378-இல் ஆட்ரியானோப்பிள் போரில் ரோமைப் படை நொறுங்கியது. கோத் படைகளிடம் ஆயிரக்கணக்கானோர் கைதிகளானார்கள். அவர்களை மீட்க ஆலயத்தின் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கினார் அம்புரோசியார். எதிரிகள் தூற்றினார்கள். திருச்சபையிடம் தங்கம் இருப்பது வைத்துக்கொள்வதற்கு அல்ல, செலவழிப்பதற்கு என்று அவர் எழுதியே வைத்தார். வோல்வினியோவின் வேலைப்பாட்டைப் பார்த்து வியந்தேன், உண்மைதான். ஆனால் உருகிப்போன அந்தப் பாத்திரங்கள்தான் அவருக்குச் சரியான நினைவுச்சின்னம் என்பேன்.

மாலை வழிபாட்டுக்குத் திரும்பவும் வந்தேன். திருநாளுக்கு முந்தைய மாலை மிலான் பேராயர் இங்கே நகரத்துக்கு உரையாற்றுவது மரபு. மேயரும் அதிகாரிகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். தூண் ஓரத்தில் நின்றுகொண்டு 390-ஐ நினைத்தேன்.

தெசலோனிக்காவில் மக்கள் செல்வாக்குள்ள ஒரு தேரோட்டியைச் சிறையில் போட்டதற்காகக் கூட்டம் படைத்தலைவரைக் கொன்றது. அப்போது மிலானில் இருந்த பேரரசர் தியோடோசியஸ் பழிவாங்க ஆணையிட்டார். பிறகு மனம் மாறி அதை நிறுத்தச் சொன்ன செய்தி போய்ச் சேர்வதற்குள் அரங்கில் கூடியிருந்த மக்களை வீரர்கள் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். 7,000 பேர் என்று பிற்காலத்து ஆசிரியர் தியோடரெட் எழுதுகிறார். ஓவியங்களில் நாம் பார்ப்பது ஆலய வாசலில் கையை நீட்டிப் பேரரசரைத் தடுக்கும் அம்புரோசியாரை. நடந்தது அப்படியல்ல. உடல்நலத்தைக் காரணம் காட்டி ஊரைவிட்டு வெளியே போய், ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் மட்டும் படிப்பதற்காக இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்றார். நீங்கள் வந்து நின்றால் என்னால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது, தாவீது அரசரைப் போலப் பாவத்தை ஒப்புக்கொண்டு மனம் வருந்துங்கள் என்றார். எழுத்தரிடம்கூடச் சொல்லி எழுதவில்லை. பேரரசரை அவமானப்படுத்தாமல், அதே சமயம் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காமல். தியோடோசியஸ் அரச உடையைக் களைந்து மக்கள் முன்னால் அழுதார். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் அவரைத் திரும்பவும் வழிபாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். வாசல் காட்சியைவிட எனக்கு அந்தக் கடிதம் ஆயிரம் மடங்கு பெரிது.

ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. யூப்ரட்டீஸ் கரையில் காலினிக்கும் என்ற ஊரில் கிறிஸ்தவக் கூட்டம் யூதர்களின் தொழுகைக்கூடத்தை எரித்தது. தூண்டியவர் அவ்வூர் ஆயர் என்றார்கள். ஆயர் தம் செலவில் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று தியோடோசியஸ் ஆணையிட்டார். நியாயமான ஆணை. அம்புரோசியார் எதிர்த்து எழுதினார், பிறகு ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் பேரரசரிடம் வாக்குறுதி வாங்கும்வரை திருப்பலியைத் தொடர மறுத்தார். பேரரசர் பணிந்தார். எரிந்த கூடம் எரிந்ததாகவே விடப்பட்டது. அதே துணிவு, அதே பிடிவாதம், இந்த முறை அநீதியின் பக்கம். காலத்தைக் காரணம் காட்டி இதை நான் மழுப்ப மாட்டேன். ஏனென்றால் அதே காலத்தில் வாழ்ந்த பேரரசருக்கு அது அநீதி என்று தெரிந்திருந்தது. அம்புரோசியாரை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் என் அன்பு போகவில்லை, ஆனால் உறுத்தல் இருக்கிறது.

டிசம்பர் 7

திருநாள். காலைத் திருப்பலி அம்புரோசிய வழிபாட்டு முறையில். மேற்கில் ரோமை முறை எங்கும் பரவிய பிறகும் மிலான் தன் முறையை விடவில்லை. இங்கே திருவருகைக்காலம் ஆறு வாரம். தவக்காலம் திருநீற்றுப் புதன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா எனக்காகத் தன் புத்தகத்தை நடுவில் பிடித்துக்கொண்டார். எந்த வரி என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார்.

முடிந்ததும் வரிசையில் நின்று நிலவறைக்குள் இறங்கினோம். வெள்ளிப் பேழைக்குள், கண்ணாடிக்குப் பின்னால் மூன்று எலும்புக்கூடுகள். நடுவில் வெள்ளை உடையில் அம்புரோசியார். இரண்டு பக்கமும் சிவப்பு உடையில் மறைச்சாட்சிகள் ஜெர்வாசியுசும் புரோத்தாசியுசும். அந்த 386-இலேயே அவர்களின் உடல்களைக் கண்டெடுத்து இங்கே கொண்டுவந்தவர் அவர்தான். பலி ஒப்புக்கொடுத்த இடத்திலேயே குரு இளைப்பாறுவது தகும் என்று இந்த இடத்தைத் தமக்கென வைத்திருந்தேன், வலப்பக்கத்தை மறைச்சாட்சிகளுக்கு விட்டுத் தருகிறேன் என்று அக்கா மார்செல்லினாவுக்கு எழுதினார். மூவரும் ஒரே கல்பெட்டியில் இருந்ததை 1864-இல் கண்டுபிடித்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அப்பா, “அவர்தான் நம்ம அம்புரோஜியோ” என்று இத்தாலிய மொழியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் கோட்டைப் பக்கம் சந்தை. இந்தத் திருநாளை ஒட்டி வருடா வருடம் கூடுகிறது. நூலில் கோத்த கஷ்கொட்டை, தேன், பழைய சாமான், துணிமணி. தேன் கடையில் அம்புரோசியாரின் படம் மாட்டியிருந்தார்கள், தேனீ வளர்ப்பவர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர். இன்று இரவு லா ஸ்காலா இசை நாடக அரங்கில் புதிய பருவத்தின் முதல் இசை நாடகம், அதுவும் இந்த நாளில்தான். சதுக்கத்தில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள்.

டிசம்பர் 8

ரயில் மாலையில்தான். காலையில் வடக்கே சான் சிம்ப்ளிச்சியானோவுக்குப் போனேன். இதற்கும் அடித்தளம் போட்டவர் அம்புரோசியார் என்பதுதான் மரபு. கட்டி முடித்தவரும் இங்கே அடக்கமானவரும் சிம்ப்ளிச்சியான். அம்புரோசியாருக்கு இறையியல் கற்றுக்கொடுத்தவர் அவர். அகுஸ்தினார் மனம் குழம்பித் திரிந்தபோது தேடிப்போனதும் அவரிடம்தான். மாணவர் ஆயராக இருக்க, ஆசிரியர் சாதாரண குருவாகவே பல ஆண்டு இருந்தார்.

397-இல் அம்புரோசியார் படுத்த படுக்கையானபோது நான்கு திருத்தொண்டர்கள் அறையின் கோடியில் நின்று, தங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில், அடுத்த ஆயர் யார் என்று பேசிக்கொண்டார்கள். சிம்ப்ளிச்சியானின் பெயர் வந்தது. வயதாகிவிட்டதே என்று ஒருவர் இழுத்தார். கட்டிலில் இருந்து குரல் வந்தது: “வயதானவர், ஆனால் நல்லவர்.” மூன்று முறை சொன்னாராம். பயந்துபோய் நால்வரும் வெளியே ஓடிவிட்டார்கள். சிம்ப்ளிச்சியானே அடுத்த ஆயரானார்.

ஆலயத்தில் பத்து மணித் திருப்பலிக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நானும் அதற்கு இருந்துவிட்டு, அப்புறம் விடுதிக்குப் போய்ப் பையைக் கட்டினேன்.